காட்டுப்பன்றியைச் சுட லைசென்ஸ் துப்பாக்கி போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மூன்று ஏக்கர் நிலக்கடலை போட்டிருக்கிறேன். ராத்திரியில் காட்டுப்பன்றிகள் கிளறிவிட்டுப் போகின்றன. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர், "சுட்டுத் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள், கறி எனக்கு" என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், வேட்டையாட அல்ல. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற வன அலுவலர் எழுத்தில் உத்தரவு தராமல் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. செத்த பன்றி அரசுச் சொத்து; கறியைக் கூறு போட்டால் அதற்கும் வழக்கு. அவர் கம்பி நீட்டிவிடுவார். பன்றி கிடப்பது உங்கள் வயலில்.

"தற்காப்புக்குச் சுட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்" என்பார். நம்பாதீர்கள். பன்றி பாய்ந்து வந்து, உங்கள் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்கக் கொன்றால் குற்றமில்லை. அந்த விலக்கு உயிருக்கு மட்டும்தான், பயிருக்கு இல்லை. பரண் போட்டு, டார்ச் அடித்துக் காத்திருந்தவர் தற்காப்பு என்று சொன்னால் எந்தக் கோர்ட் ஏற்கும்?

மின்வேலி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) பக்கமும் போகாதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி அருகே கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. விவசாயி கைதானார்.

சரி, வழி என்ன? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை என்றால் பன்றியைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையே சுடலாம். ஆகவே காப்புக்காட்டு எல்லைக்கல்லிலிருந்து உங்கள் வயல் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். சுடலாமா என்று பரிந்துரைக்க விஏஓ, வனப்பணியாளர், ஊராட்சித் தலைவர் கொண்ட குழு. ஆனால் உங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே மாதம் 5-ம் தேதியே முடிந்துவிட்டது! தலைவரே இல்லாத ஊரில் தலைவரை வைத்துக் குழு போட்டால் விவசாயி யாரிடம் போவார்? கேரளத்தில் 2022-லேயே அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுட வைத்தார்கள். யார் சுட்டார், யார் அனுமதித்தார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வேட்டைக்காரரைப் பயன்படுத்துவதென்றால் அப்படிக் கணக்கோடு பயன்படுத்த வேண்டும்.

கிளறிய மண், குளம்புத் தடம், பிடுங்கிய செடி எல்லாவற்றையும் காலையிலேயே போட்டோ எடுங்கள். வனச்சரகருக்கும் விஏஓவுக்கும் மனு கொடுங்கள். அனுமதி வாங்கித் தருவதாக வரும் புரோக்கருக்குப் பத்து ரூபாய்கூடத் தராதீர்கள். கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் ஆபீஸை விட்டு வராதீர்கள். அவர்கள் மழுப்பினால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். பதில் வரவில்லையா? மனு யார் மேஜையில் கிடக்கிறது, எத்தனை நாளாக என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.