புல்லில் பார்த்த சின்னப் பழுப்புக் குருவி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஓடையோரப் புல்லில் ஒரு குருவி; முதுகில் கருங்கோடு, உச்சந்தலையும் வாலும் செம்பழுப்பு; படத்தைக் காட்டினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். லெவெய்லான்ட் சிஸ்டிகோலா என்பதே என் பதில்; சிஸ்டிகோலா என்பது சின்னப் பழுப்புக் குருவிகளில் ஒரு வகை. நிறத்தைவிட அந்த ஓடையை நம்பித்தான் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் சிஸ்டிகோலாக்கள் மட்டும் பத்து இனத்துக்கு மேல் உண்டு. இறகை வைத்துப் பிரிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனிக் குரல். லெவெய்லான்ட் ஈரப் புல்லையும் நாணலையும் விட்டு அதிகம் விலகாது. இதையே கடலோர ஊரான ரிச்சர்ட்ஸ் பேயின் நாணல் காட்டிலிருந்து கேட்டிருந்தால் செஞ்சிறகு சிஸ்டிகோலாவைத்தான் முதலில் நினைத்திருப்பேன்.

அலகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தடித்த கூம்பு அலகு என்றால் சிஸ்டிகோலாவே இல்லை, பெரும்பாலும் சிவப்பு பிஷப் என்ற குருவியின் பெட்டை. குளிர்காலத்தில் அதன் ஆணும் சிவப்பை இழந்து பழுப்பாகிவிடும். மெல்லிய அலகு, நீள வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது, வெள்ளைப் புருவம், கோடில்லாத முதுகு என்றால் பிரினியா என்ற வேறு வகைக் குருவி.

அப்புறம் குரல். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். திறந்த புல்வெளிக்கு மேல் அலை அலையாக ஏறி இறங்கிப் பறந்தபடி, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு 'ஜிட்' போட்டால் அது ஜிட்டிங் சிஸ்டிகோலா. தமிழ்நாட்டு வயல்களிலும் இதே இனம் இதே பாட்டோடு பறக்கிறது. வானத்தில் புள்ளியாகக் கூடத் தெரியாத உயரத்திலிருந்து குரல் மட்டும் வந்தால் மேகச் சிஸ்டிகோலாவாக இருக்கலாம். புதர் உச்சியில் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தில் விடாமல் கத்துவது நெடிக்கி என்ற இன்னொரு சிஸ்டிகோலா. அதன் முதுகில் கோடு இருக்காது. உங்கள் குருவியோ புல் நுனியில் நின்று, ஒரு சின்ன வெட்டொலியில் ஆரம்பித்து உருட்டி உருட்டிப் பாடும்.

அதனால் அடுத்த முறை போனில் படம் எடுப்பதைவிடக் குரலைப் பதிவு செய்யுங்கள். நவம்பர், டிசம்பரில் காலை வேளை நல்லது, அப்போதுதான் நன்றாகப் பாடும். வரவழைப்பதற்காகப் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டாம், தயவுசெய்து. அது கூடு கட்டும் சமயம். உங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பதறினால் கூடு பக்கத்தில்தான், தரையை ஒட்டிப் புல்லுக்குள் இருக்கும். வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிவிடுங்கள்.