மனநோய்ச் சான்று காட்டினால் கொலைக் கேஸிலிருந்து தப்பிவிடலாமா?

“கொலையே செய்திருந்தாலும் மனநிலை சரியில்லை என்று ஒரு சர்டிபிகேட் நீட்டினால் விட்டுவிடுவார்களாமே?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடமாட்டார்கள். சென்னையில் கிரிமினல் கேஸ் நடத்துகிற வக்கீல் நான். இந்த வாதம் ஜெயித்து நான் பார்த்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இதற்கான சட்டம் பழைய இ.பி.கோ.வில் 84-வது பிரிவு; 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவு. செய்கிற நேரத்தில் சித்தசுவாதீனம் இல்லாமல், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது. செய்கிற நேரத்தில் என்பதுதான் கழுத்தைப் பிடிக்கும். பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மட்டும் போதாது. கத்தியைக் கழுவி ஒளித்து வைத்திருந்தால், ‘தவறு என்று தெரிந்துதானே ஒளித்தார்?’ என்று அரசு வக்கீல் கேட்பார். நிரூபிக்க வேண்டியதும் நம் பொறுப்பு. ஒரே ஆறுதல், 1964-இல் தஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம், சிவில் கேஸ் மாதிரி, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

சரி, எதை வைத்துக் காட்டுவது? ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துத்தான். நம் ஊரில் சிக்கலே அங்கேதான். 1794-இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி ஒன்று கீழ்ப்பாக்கத்தில் இருப்பதால், அந்த ஏரியா பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே ஓபி சீட்டு போட்டதை எந்தக் குடும்பம் வெளியே சொல்லும்?

போன வருடம் வடசென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு 26 வயது. தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் மண்டையில் கம்பியால் அடித்துவிட்டான். எஃப்.ஐ.ஆரில் ‘முன்விரோதம்’. ரிமாண்ட் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை, அம்மாவும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான்கு வருடச் சீட்டுகளையும் கிழித்து அடுப்பில் போட்டிருந்தார். கடைசியில் கோர்ட் மூலம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வரவழைத்தோம்.

அதன்பின் நாங்கள் போனது 22-க்கு அல்ல, கேஸ் நடத்தும் முறையைச் சொல்கிற பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 367-வது பிரிவுக்கு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சம்பவ நேரத்தில் எப்படி இருந்தார் என்பது 22. இன்றைக்கு விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்பது 367. இல்லையென்றால் விசாரணை நிற்கும். குணமானதும் தொடரும், கேஸ் போய்விடாது. 22-இல் விடுதலையானாலும் நேராக வீட்டுக்குப் போக முடியாது. பாதுகாப்பான காவலில் வைப்பார்கள், அல்லது உறவினர் பொறுப்பேற்றால் அவரிடம் ஒப்படைப்பார்கள்.

விசாரணையே நடக்காவிட்டால் காவல் எவ்வளவு நாள் நீளும்? அசாமில் மச்சல் லாலுங் என்பவரை 1951-இல் பிடித்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விசாரணையே நடக்காமல் 2005-இல் வெளியே வந்தார். 54 வருடம்! இதைத்தான் ‘தப்பிப்பது’ என்கிறோம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கொஞ்சம் நல்லது செய்திருக்கிறது. தெருவில் திரிகிற மனநோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 100-வது பிரிவு. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு இருக்க வேண்டும் என்கிறது 103.

அந்தப் பையன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். தவறாமல் ஓபி சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மஞ்சப்பையோடு வருவார், அந்த மாதச் சீட்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார்.