கடவுள் இத்தனை முறை எச்சரித்தும் மனிதர்கள் ஏன் மனந்திரும்ப மறுக்கிறார்கள்?

எச்சரிக்கை காதில் விழாமல் போனதால் என்று நான் நினைக்கவில்லை. பைபிளில் மனந்திரும்பாமல் போனவர்களில் பலர் நன்றாகவே பயந்தவர்கள். பயந்த பிறகும் ஏன் திரும்பவில்லை என்பதற்கு எரேமியா புத்தகத்தைத்தான் காட்டுவேன். யூதாவின் தலைநகரான எருசலேம் பாபிலோன் கையில் விழுவதற்கு முந்தைய ஏறக்குறைய நாற்பது வருஷம், எரேமியா தீர்க்கதரிசி எச்சரித்துக்கொண்டே இருந்த கதை அது. நம் வீடுகளில் புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வரும் 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற வசனமும் அந்தப் புத்தகத்தில்தான் (29:11) இருக்கிறது. பாபிலோனில் எழுபது வருஷம் கழிய வேண்டும் என்று சொல்லும் அதற்கு முந்தைய வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை!

முதலில் யூதாவின் ராஜா யோயாக்கீம். எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் எழுதிய சுருளை அரண்மனையில் வாசிக்கிறார்கள். கி.மு. 604 வாக்கில், ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. யெகுதி என்ற அரண்மனை ஆள் மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். அப்புறம் அடுத்த மூன்று நான்கு பத்தி, மறுபடியும் கத்தி. சுருள் முழுவதும் இப்படியே தீர்ந்தது. கோபத்தில் ஒரேயடியாகத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அவன் கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறான். கேட்டதை உடனுக்குடன் அப்புறப்படுத்தியிருக்கிறான். பிரசங்கம் கேட்டுவிட்டு, 'இன்னைக்குச் செய்தி நல்லா இருந்துச்சு ஐயா' என்று கைகுலுக்கி வெளியே வருகிற நாம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இத்தனைக்கும் இவன் அப்பா யோசியா, ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாண புத்தகத்தை வாசிக்கக் கேட்டதும் உடையைக் கிழித்துக்கொண்டவர். பக்தி ரத்தத்தில் வருவதில்லை.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது 34-ம் அதிகாரம். பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம். எபிரெய அடிமையை ஏழாம் வருஷம் விடுதலை செய்ய வேண்டும் என்பது சட்டம். காலங்காலமாக யாரும் அதைக் கைக்கொள்ளவில்லை. பாபிலோன் படை வந்து மதிலைச் சுற்றி நின்றதும் எருசலேம்காரர்களுக்குத் திடீரென்று சட்டம் ஞாபகம் வருகிறது. யோயாக்கீமுக்குப் பின்னால் ஆண்ட சிதேக்கியா ராஜா தலைமையில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து, துண்டுகளின் நடுவே நடந்து போய், எல்லா அடிமைகளையும் அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு மேல் ஒரு மனந்திரும்புதல் வேண்டுமா? அப்புறம் எகிப்திலிருந்து பார்வோனின் படை புறப்பட்டது என்று கேள்விப்பட்டு பாபிலோன்காரர்கள் முற்றுகையை விட்டுப் போகிறார்கள். நகரம் மூச்சு விடுகிறது. உடனே போய், விடுதலையான அதே ஆட்களைப் பிடித்து வந்து மறுபடி அடிமையாக்கிக்கொள்கிறார்கள்.

மோசே காலத்துப் பார்வோன் கதையிலும் இதே மாதிரிதான். வாதையாக வந்த தவளைகள் ஒழிந்து கொஞ்சம் இலகுவானதும் மனம் கடினப்படுகிறது. 'கர்த்தர்தானே அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார், அவன் என்ன செய்வான்?' என்று சிலர் கேட்பார்கள். யாத்திராகமம் அப்படியும் சொல்கிறது, அவனே கடினப்படுத்தினான் என்றும் சொல்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்க என்னால் ஆகாது. ஆனால் எருசலேம்காரர்கள் விஷயத்தில் முடிச்சு எதுவும் இல்லை. ஆபத்து இருந்தவரை அவர்களுக்குக் கடவுள் தேவைப்பட்டார். ஆபத்து விலகியதும் மாவு அரைக்க ஆள் தேவைப்பட்டது.

கடைசியாக, அதே சிதேக்கியா எரேமியாவை ரகசியமாக வரவழைத்துப் பேசுகிறான். பாபிலோனுக்குப் பணிந்து வெளியே போனால் நீயும் பிழைப்பாய், நகரமும் எரியாது என்கிறார் எரேமியா. ராஜா அதைப் பொய் என்று சொல்லவில்லை. அவனுடைய பதில் வேறு. ஏற்கெனவே பாபிலோன் பக்கம் போய்விட்ட யூதர்களின் கையில் சிக்கினால் அவர்கள் என்னைப் பரியாசம் பண்ணுவார்களே என்கிறான் (38:19). நாலு பேர் சிரிப்பார்கள் என்று ஒரு நகரத்தையே கொடுத்துவிட்டான். கி.மு. 586 வாக்கில் மதில் உடைந்தது. இரவில் தப்பி ஓடியவனை எரிகோ சமவெளியில் பிடித்தார்கள். அவன் கண் முன்னாலேயே அவன் பிள்ளைகளைக் கொன்று, அப்புறம் அவன் கண்களையும் பிடுங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சரிக்கையை அடுத்தவன் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அது இன்னாருக்கு வந்த தண்டனை என்று பேசியவர்களை நானே கேட்டிருக்கிறேன். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்றும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் 'மனந்திரும்புங்கள்' என்றார்.

சரி, என் கதை. அப்பா இறந்த பிறகு வீட்டில் தங்கைக்கு இருந்த பங்கை, ஒரு சின்னத் தொகையைக் கையில் கொடுத்து, அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது எனக்குத் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவள் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். சில வருஷம் கழித்து எனக்கு வயிற்றில் கட்டி மாதிரி ஏதோ இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். ரிப்போர்ட் வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் முழங்காலில்தான் இருந்தேன். தங்கை பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் ஆண்டவரே என்று அழுதது பொய்யில்லை. ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. சாயங்காலம் குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடப் போனோம். பங்கு அப்படியே என்னிடமே இருந்தது, இன்னும் நாலு வருஷம்.

34-ம் அதிகாரத்தை ஒரு திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய இரவு தற்செயலாக வாசித்தேன். 'விடுதலை' என்ற வார்த்தை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. என் பீரோவில் இருந்த பத்திரத்தின் தலைப்பும் அதுதான். அப்போதும் உடனே போகவில்லை. பணத்தைப் புரட்ட வழி இருந்தது. 'அப்போ இத்தனை வருஷமா தெரிஞ்சேதான் செஞ்சியா?' என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். சிதேக்கியாவை இப்போது யாராவது கோழை என்றால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை போனேன். அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், 'அவங்க ஏழு மணிக்கு வருவாங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிருங்கண்ணே' என்றாள். அப்போது மணி நாலரை. திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.