சாக்குக் கவசம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் பகடை உருட்டிக் கதாபாத்திர விளையாட்டு ஆடுகிறோம். எங்கள் விதிப்படி இரும்புக் கவசம் ஒவ்வொரு அடியிலும் 5 புள்ளிகளைக் கழித்துவிடும். கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் கத்திக்கு நான்குமுகப் பகடைதான், அதாவது ஓர் அடிக்கு அதிகபட்சம் 4 புள்ளிச் சேதம்தான் என்பதால், கவச வீரனை அவற்றால் கீறக்கூட முடியவில்லை. கழிப்பதற்குப் பதிலாகச் சேதத்தைப் பாதியாக்கிவிடலாமா? எந்த முறை சிறந்தது?

ஓர் ஓசூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய புளிச்சாக்கு ஒன்று கையில் அகப்பட்டது முதல் கவசத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

எது சிறந்தது என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில் கவசம் இருந்தால் அடி படுவதே அரிது. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டில் பட்ட அடியிலிருந்து கவசம் கழிக்கும். இரண்டையும் விரும்பி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாதியாக்கலாம் என்றீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

5 புள்ளி அடிகள் பத்து விழுந்தாலும், 50 புள்ளி அடி ஒன்றே விழுந்தாலும், பாதியாக்கினால் மிஞ்சுவது ஒரே 25தான். கழித்துப் பாருங்கள்: முன்னதில் ஒன்றுமே மிஞ்சாது, பின்னதில் 45 மிஞ்சும். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டுக் கவசத்தை எதற்காக அணிவது?

பென்னாகரத்துக்கு அருகில் எங்கள் ஊரில் பெரியப்பா சிலம்பம் கற்பித்தபோது, புளிச்சாக்கை நாலாக மடித்து என் விலாவில் கயிற்றால் கட்டிவிடுவார். என் சோட்டுப் பிள்ளைகள் வீசிய வீச்செல்லாம் பொத்துப் பொத்தென்று கேட்குமே தவிர உடம்புக்குத் தெரியாது. ஒருநாள் பெரியப்பாவே இடுப்பைத் திருப்பி வீசிய கம்பு, அதே சாக்கின்மேல்தான் பட்டது. நான்கு விரல் அகலத்துக்குக் கன்றிப்போனது. இரவு பெரியம்மா விளக்கெண்ணெய் தடவும்வரை பெரியப்பா சாப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சாக்கு கழித்தது, தம்பி, பாதியாக்கவில்லை.

கோப்ளின்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குற்றம் விதியில் இல்லை, அவற்றை ஆட்டுவிக்கும் உங்களிடம் இருக்கிறது. ரேஷன் கடை வரிசைபோல ஒவ்வொன்றாக வந்து கத்தியை நீட்டினால் இரும்புக் கவசம் தடுக்காமல் என்ன செய்யும்? ஐரோப்பாவில் தகட்டுக் கவசக்காரனைக் கீழே தள்ளி, அக்குளிலும் முகமூடி இடுக்கிலும் குத்துவாளைச் செருகினார்கள். நான்கு கோப்ளின்கள் சேர்ந்து உங்கள் வீரனின் காலை வாரட்டும். விழுந்தவனை அமுக்கிப் பிடித்துக் குத்தினால் கவசம் கழிக்காது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீரனை ஆடுகிறவர் கோபித்துக்கொண்டால் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.