கொழும்புச் சம்பளமும் களுவாஞ்சிக்குடி வீடும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். சம்பளம் 125,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 100,000. கொழும்பை ஒட்டிய ராஜகிரியவில் ஒரு கொம்பனி 220,000 தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதில் அடிப்படை 180,000. செப்டெம்பர் 1ஆம் திகதி வரச் சொல்கிறார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். இங்கே எனக்கு ஒக்டோபர் நடுவில் ஐந்து வருடம் நிறையும். மனைவி பட்டிருப்புக் கல்வி வலயத்தில் மாகாணப் பாடசாலை ஆசிரியை, கைக்கு 62,000 வருகிறது. மகள் தரம் 10, மகன் தரம் 4. மாமி எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்குச் சீனி வருத்தம், மாதாமாதம் ஆதார வைத்தியசாலைக் கிளினிக். வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு 85,000, ஆறு மாத அட்வான்ஸ் என்கிறார்கள். தனியாகப் போனால் அறை 25,000க்குக் கிடைக்கும். சம்பளம் இவ்வளவு கூடுகிறதே, குடும்பத்தோடு போய்விடலாம் என்று நினைக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் இருக்கிறா. உங்கள் கருத்து என்ன?

த., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை எடுக்கலாம். ஆனால் செப்டெம்பரில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அடுத்த கல்வியாண்டு முடியும் வரைக்கும் நீங்கள் தனியே போய்வரும் ஏற்பாடுதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். அதற்கும் முன்னால் கொம்பனியிடம் கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் காசு. கணக்காளருக்கு நான் கணக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள், சொந்த வீட்டுக் கணக்கில் எல்லாருக்கும் கண் மறைப்பதுண்டு. இப்போது உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 8,000, ஈ.பி.எஃப் எனும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக 117,000 கைக்கு வருகிறது. மாதம் 150,000க்குக் குறைந்த சம்பளம் என்பதால் வரி இல்லை. மனைவியின் 62,000ஐச் சேர்த்தால் 179,000. வாடகை இல்லை. கொழும்பில் 220,000இல் ஈ.பி.எஃப் 14,400 போகும். 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விகிதப்படி 150,000க்கு மேற்பட்ட 70,000க்கு 6 வீத வரி 4,200. மிச்சம் 201,400. மனைவி வேலையை விட்டோ சம்பளமற்ற விடுமுறையிலோ வந்தால் வீட்டுக்கு அது மட்டும்தான். வாடகையைக் கழித்தால் 116,400. இப்போது இருப்பதைவிட 62,600 குறைவு. ஸ்கூல் வான், ரியூசன், தண்ணீர்க் கட்டணம், காசு கொடுத்து வாங்கும் தேங்காய், இவை ஒன்றும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்தப் பள்ளத்தைச் சம்பளத்தால் மட்டும் நிரப்புவதென்றால் எவ்வளவு வேண்டும்? கூடும் தொகை அடிப்படையில் சேர்ந்தால் 233,333 வரை 6 வீதமும், 275,000 வரை 18 வீதமும், அதற்கு மேல் 24 வீதமும் வரி போகும். 8 வீதம் ஈ.பி.எஃப் தனி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 305,000 வருகிறது. அந்தச் சம்பளத்தில் கூட நீங்கள் இன்று இருக்கும் நிலையில்தான் நிற்பீர்கள், ஒரு ரூபாய் முன்னேற்றமில்லை.

தனியே போனால்? 201,400உம் 62,000உம் சேர்ந்து 263,400. அறை 25,000, சாப்பாடு 35,000, மாதம் இரண்டு தரம் ஊருக்கு வந்துபோகவும் அங்கே ஒபிஸ் பஸ்ஸுக்கும் 15,000 என்று வைத்தால் மிச்சம் 188,400. மாதம் 9,400தான் கூடுகிறது. இதோடு அடிப்படைச் சம்பளத்தில் ஈ.பி.எஃப்புக்கு உங்களுடைய 8 வீதம், கொம்பனியின் 12 வீதம், ஈ.டி.எஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கொம்பனியின் 3 வீதம் எல்லாம் சேர்ந்து இப்போதைவிட மாதம் 18,400 கூடுதலாகச் சேரும். அது கைக்கு வராத சேமிப்பு, ஆனாலும் உங்களுடையது. ஆகவே இந்த மாற்றத்தின் உண்மையான பெறுமதி இன்றைய சம்பளத்தில் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பதவி உங்களை எங்கே கொண்டுபோகும் என்பதில்தான் இருக்கிறது. அதை நேர்முகத்தில் கேட்டீர்களா? உங்களுக்கு மேலே யார், அவர் எத்தனை வருடமாக இருக்கிறார், அந்த இடம் எப்போது காலியாகும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சேரும் திகதியை ஒக்டோபர் கடைசிக்குத் தள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானவர் தானாக விலகினாலும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகப் பெறலாம். உங்கள் அடிப்படையில் அது 250,000 ரூபாய். செப்டெம்பர் 1இல் புதிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஓகஸ்டோடு விலகினால் அதில் ஒரு சதமும் இல்லை, புதிய இடத்தில் ஐந்து வருடம் முதலிலிருந்து தொடங்கும். விலகல் கடிதத்தில் கடைசி நாளை ஐந்து வருடம் தாண்டிய திகதியாக எழுதுங்கள். நியமனக் கடிதத்தில் உள்ள முதல் நாளை எடுத்துப் பார்த்து எண்ணுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். கொம்பனி பொறுக்க மாட்டோம் என்றால் இழக்கும் 250,000ஐச் சேரும்போது ஒரு தரக் கொடுப்பனவாகத் தரச் சொல்லிக் கேட்கலாம். கணக்கை மூடத் தெரிந்த ஆளைத் தேடுகிறவர்கள் எட்டுக் கிழமை பொறுப்பார்கள் என்பதே என் எண்ணம்.

இதில் ஒரு சிறு இழப்பு உண்டு. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. அடுத்த வருடத்துக்கு, ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் சேர்ந்தவருக்கு 7 நாள், ஒக்டோபர் தொடக்கம் சேர்ந்தவருக்கு 4 நாள். மூன்று நாள் லீவுக்காக இரண்டரை லட்சத்தை விட முடியாது. ஆனால் தனியே போகிற ஆளுக்கு லீவுதான் உயிர். அந்த மூன்று நாளையும் சேர்த்து 7 நாள் என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. உங்கள் தொழிலில் மாதக் கணக்கு மூடும் நாட்கள்தான் நெருக்கடி. மாத முடிவும் அடுத்த மாதத்து முதல் கிழமையும் ஒபிஸில் இருந்துவிட்டு, மற்றக் கிழமைகளில் பாதியையாவது களுவாஞ்சிக்குடியிலிருந்து செய்யலாமா? தகுதிகாண் காலத்தில் மறுப்பார்கள். அதனால் “தகுதிகாண் காலம் முடிந்த பின் மாதம் எட்டு நாள் வீட்டிலிருந்து” என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அந்த முகாமையாளர் மாறும் நாளோடு போய்விடும்.

இனி உங்கள் மனைவி. ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு, ஆண்தான் வந்து சேருவான். நீங்கள் இருப்பது அவவுடைய சீதன வீடாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வளவுகளில் அவவுடைய ஆட்கள்தான் இருப்பார்கள், கோயில் திருவிழாவில் அவவுடைய குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, ஒரு நாள் இருக்கும். கொழும்புக்குப் போனால் உங்களுக்கு வேலை மாறுகிறது. அவவுக்கு வீடு, வேலை, சொந்தம் மூன்றும் ஒரே நாளில் போகின்றன. “வருவீரா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. “இடமாற்றம் கிடைத்தால் வருவீரா, கிடைக்காவிட்டால் எத்தனை வருடம் சம்பளமில்லாமல் இருக்க விருப்பம், மாமியை என்ன செய்வோம்?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இடமாற்றம் இலேசில்லை. மாகாணப் பாடசாலை ஆசிரியர் வேறு மாகாணத்துக்குப் போக, கிழக்கு மாகாணம் விடுவிக்கவும் வேண்டும், மேல் மாகாணம் ஏற்கவும் வேண்டும். விண்ணப்பம் அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் வழியாக மாகாணத்துக்குப் போகும். அவ படிப்பிக்கும் பாடத்துக்கு வலயத்தில் ஆள் பற்றாக்குறை என்றால் முதற்கட்டத்திலேயே நிற்கும். நியமனக் கடிதத்தில் இந்த மாகாணத்தில் கட்டாயம் சேவை செய்ய வேண்டிய காலம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வர நிற்கும் அதே பாட ஆசிரியர் ஒருவர் கிடைத்து ஆளுக்கு ஆள் மாறுவதாக இருந்தால் வழி சுலபமாகலாம். இதைத் தேட ஒரு வருடம் எடுக்கும், அதனால் இப்போதே தொடங்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டாம். ஓய்வூதியம் போய்விடும், திரும்பவும் அந்தச் சேவைக்குள் வருவது மிகக் கடினம். சம்பளமற்ற விடுமுறை எடுத்தால், அரச ஊழியருக்கான இடர்கடன் எடுத்திருந்தால் அதன் தவணையைக் கையால் கட்ட வேண்டி வரும். விடுமுறை முடிந்த நாளில் கடமைக்குத் திரும்பாவிட்டால் பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வரும்.

பிள்ளைகள் விஷயத்தில் காலம் உங்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. அடுத்த வருடம் மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவான், மகள் சாதாரண தரத்துக்குப் படிப்பா. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு கட்டம் முடியும். மகனுக்குத் தரம் 6இல் புதுப் பாடசாலை என்பது இயல்பான மாற்றம், புலமைப்பரிசில் புள்ளியை வைத்துக் கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது நடுவில் கொண்டுபோனால் இடம் இருக்கும் பாடசாலையைத்தான் ஏற்க வேண்டிவரும்.

மகளை இப்போது அசைப்பது தவறு என்று அழுத்திச் சொல்வேன். தரம் 10இல் ஆறு கட்டாயப் பாடங்களோடு, தெரிந்தெடுக்கும் தொகுதிப் பாடங்கள் மூன்றும் எடுத்திருப்பா. அந்த மூன்றும் போகும் பாடசாலையில் தமிழில் நடக்க வேண்டும். விவசாயம் எடுத்த பிள்ளை, அந்தப் பாடமே இல்லாத நகரப் பாடசாலைக்குப் போனால் ஒரு வருடம் பிந்தி வேறு பாடத்தைத் தொடங்க வேண்டும். சாதாரண தரத்தில் சறுக்குகிற இடம் இதுதான்.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது, பலர் யோசிக்காதது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பது மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் முக்கியம். மகளுக்கு உயிரியல் பிரிவில் விருப்பம் என்றால், மருத்துவத்துக்கு மட்டக்களப்பின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். கொழும்பில் உயர்தரம் படித்தால் கொழும்புப் பிள்ளைகளோடு போட்டி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலில் மாவட்டம் தீர்மானிக்கும் விதி இருக்கிறது, தரம் 12க்கு முன் நீங்களே அதை வாசியுங்கள். மகன் கொழும்பில், மகள் மட்டக்களப்பில் என்று வந்தால் வீடு இரண்டாகும். அப்படியென்றால் நகர்வை இன்னும் இரண்டு வருடம் தள்ளுவதா என்பதை அப்போது முடிவெடுங்கள்.

மாமியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள். கிளினிக்கை மாற்றலாம். கிளினிக் கொப்பியையும் கடைசி இரத்தப் பரிசோதனைகளையும் எடுத்துக்கொண்டு, வைத்தியரிடம் மாற்றல் கடிதம் வாங்கி, இரண்டு மாத மருந்து கையில் வைத்துக்கொண்டு போனால் கொழும்பு அரச வைத்தியசாலையில் தொடரலாம். மருந்து கிடைக்கும், பிரச்சினை அதுவல்ல. நீங்கள் பார்த்த வீடு எத்தனையாம் மாடி? லிஃப்ட் இருக்கிறதா? சீனி வருத்தத்தால் காலில் விறைப்பு வரும், செருப்பு கழன்றது கூடத் தெரியாது. அப்படிப்பட்டவர் மாடிப்படி ஏறி இறங்குவது ஆபத்து, இறங்காமல் இருந்தால் நடை நின்று சீனி ஏறும். இப்போது காலையில் வளவு கூட்டி, கிணற்றடிக்கும் வேலிக்கும் நடந்து, பக்கத்து வீட்டோடு கதைக்கிற மனுசிக்கு அந்த நடையும் மருந்துதான். நகர்வது என்று வந்தால் வெள்ளவத்தை மாடி வீட்டைவிடத் தெஹிவளைப் பக்கம் நிலத்தோடு உள்ள அனெக்ஸ் பாருங்கள், வாடகையும் குறையலாம்.

தனியே போய்வருவதில் எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் ஒன்றுவிட்டொரு வெள்ளி இரவு பஸ் எடுப்பீர்கள். பிறகு அலுப்பில் அது மாதத்துக்கு ஒன்றாகும். ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை நேரே ஒபிஸுக்குப் போவது உடம்பை உடைக்கும், திங்கள் பத்து மணிக்கு வர அனுமதி கேளுங்கள். ஊரில் கிளினிக், மாலை வகுப்பு, கரண்ட் பில் எல்லாம் மனைவியின் தலையில் விழும். நீங்கள் இப்போது மட்டக்களப்புக்கு ஓடும் பெற்றோல் காசை மகளின் வகுப்புக்கு ஓட்டோ பேச ஒதுக்குங்கள். மாமியின் கிளினிக் நாளை நீங்கள் ஊரில் நிற்கும் நாளோடு பொருத்தக் கேட்டுப்பாருங்கள். மாரி மழைக்கு முன், ஒக்டோபரில் கூரை ஓடு, பீலி, கிணற்றுக் கட்டு பார்த்துவிட்டுப் போங்கள். வெள்ளம் வரும்போது நீங்கள் வர நினைத்தாலும் பாதை விடாது.

எப்படியும் தகுதிகாண் காலம் முடியும் வரை வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். 85,000 வீதம் ஆறு மாதம் 510,000, தரகருக்கு ஒரு மாத வாடகை கேட்டால் 85,000, லொறிக் கூலி வேறு. ஆறாம் மாதம் வேலை உறுதிப்படாவிட்டால் அந்த அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் நிற்கும். பின்னர் எடுக்கும்போதும் நொத்தாரிசு எழுதும் ஒப்பந்தத்தில், இரண்டு மாத முன்னறிவித்தலோடு வெளியேறினால் மிச்ச அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதைத் திகதியோடு எழுதச் சொல்லுங்கள். கொம்பனிக்குப் பதில் எழுதும்போது சேரும் திகதி, லீவு, வீட்டிலிருந்து வேலை மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். அவர்களுடைய பதில் எழுத்தில் வந்த பிறகே இங்கே விலகல் கடிதம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா