கரண்ட் வந்துவிட்டது, டிரைவைக் காணோம்: கேள்வி பதில்

போன வாரம் எங்கள் புளோக்கிலும் பக்கத்து நாலைந்து புளோக்குகளிலும் அரை மணி நேரம் கரண்ட் போனது. மின்தூக்கி, மின்விசிறி, வைஃபை எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. மறுநாள் காலையிலிருந்து எனக்கு வந்த செய்திகள்தாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன: "அங்கிள், டிரைவைக் காணோம்." கோப்புகளை வைத்திருக்கும் ஹார்ட்டிஸ்க்கோ டிவிடி பெட்டியோ கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்கிறார்கள். சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் தட்டி விரல் வலிக்கிறது. வந்த கேள்விகளைச் சேர்த்துப் போட்டு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களும் இதுதான் சாக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லணும். விண்டோஸில் ஒரு பெட்டி வந்து "இனிஷியலைஸ் செய்யவா?", "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் கேன்சலை அழுத்துங்கள். இரண்டுமே டிஸ்க்கைக் காலி டிஸ்க்காக நினைத்துப் புதிதாகத் தொடங்கும் வேலை. மின்தடையால் போன டிஸ்க்கை விட, அந்தப் பெட்டிக்கு ஓகே சொல்லிப் போன டிஸ்க்குகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (செங்காங், பிள்ளைகளின் படங்களை எல்லாம் வெளி ஹார்ட்டிஸ்க்கில் வைத்திருக்கும் ஒரு தங்கை): அண்ணே, தனி அடாப்டர் போட்டு ஓடும் பெரிய டிஸ்க். இப்போது விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. செத்துவிட்டதா?

பதில்: அழாதீங்கம்மா, முதலில் அடாப்டரைப் பார்ப்போம். உங்களுடையது 3.5 அங்குல டிஸ்க். அதற்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி கம்பி கொடுக்கும் 5 வோல்ட்டில் அது சுற்றாது. கரண்ட் திரும்பி வரும்போது முதல் அடி வாங்குவது பெரும்பாலும் சுவரில் செருகிய அந்தச் சின்ன அடாப்டர்தான். பல நேரம் டிஸ்க்கைக் காப்பாற்றிவிட்டுத்தான் அது சாகிறது.

அடாப்டர் முதுகில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றோ 2 ஆம்பியர் என்றோ இருக்கும். வோல்ட் அதேயாக இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. உள்முனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் வட்டப் படமும் ஒத்துப்போகணும். சிம் லிம் டவரில் அடாப்டரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் எடுத்துத் தருவார்கள்.

முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் லேப்டாப் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 19 வோல்ட். என் மேசைக்கு ஒருவர் அப்படிச் செருகிய டிஸ்க்கைக் கொண்டுவந்தார். உறையைத் திறந்ததும் கருகல் வாடை. மின்தடையில் தப்பியதை அவரே முடித்திருந்தார்.

புது அடாப்டர் போட்டும் சுற்றவில்லை, அல்லது செருகியதும் அடாப்டரின் விளக்கு மினுக்கி மினுக்கி அணைகிறது என்றால், டிஸ்க்கின் பச்சைப் பலகையில் இருக்கும் காவல் டையோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். வோல்ட் எகிறும்போது அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். கைப்பழக்கம் உள்ள டெக்னீஷியன் அதைச் சரிசெய்வார். "அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கிப் பலகையை மாற்றினால் ஆச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பலகையில் உள்ள ஒரு சின்ன சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் எடுத்துப் புதுப் பலகையில் பற்றவைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஓடாது.

கேள்வி (அதே தங்கை, இரண்டு நாள் கழித்து): அடாப்டர் மாற்றினேன், சுற்றுகிறது! ஆனால் விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது.

பதில்: கேன்சல் செய்தீர்கள்தானே? நல்லது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் முழு அளவோடு தெரிந்து, பெயருக்குப் பக்கத்தில் "ரா" (RAW) என்று இருந்தால், கோப்புகளின் அட்டவணை குழம்பியிருக்கிறது என்று அர்த்தம். படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். உங்களுடையது மேக்கிலும் விண்டோஸிலும் மாற்றி மாற்றிச் செருகும் டிஸ்க் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அதில் கோப்புகளை அடுக்கியிருக்கும் முறை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் (exFAT) ஆகத்தான் இருக்கும். விண்டோஸின் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ் (NTFS), தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைத்துக்கொண்டு எழுதும், எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எழுதும்போது கரண்ட் போனால் பாதியில் நிற்கும்.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) உடனே ஓட்டாதீர்கள். அது அட்டவணையைச் சரிசெய்யும் அவசரத்தில் கோப்புகளைத் துண்டுகளாக்கித் தள்ளிவிடும். முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்து, மீட்கும் வேலையை நகலில் செய்யணும். இன்னொரு வழி: மேக்கில் செருகிவிட்டு ஒரு மணி நேரம் கை வைக்காமல் விடுங்கள். ஒழுங்காகக் கழற்றப்படாத எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைக் கண்டால் மேக் சொல்லாமல் கொள்ளாமல் பின்னணியில் சோதனை ஓட்டும். முடியும்வரை டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. மேக்கில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் எஃப்எஸ்சிகே (fsck) என்று தொடங்கும் பெயர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பிடுங்காதீர்கள்.

கேள்வி (ஜூரோங், பாலிடெக்னிக் மாணவர்): அங்கிள், டெஸ்க்டாப்பில் விண்டோஸே வரவில்லை, டிஸ்க் இல்லை என்கிறது. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸில் (BIOS) தேதியும் பத்து வருஷம் பின்னால் இருக்கிறது.

பதில்: தம்பி, பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தேதிதான் துப்பு. பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் ஐம்பது காசு நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பவர் சப்ளை சன்னமாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் பேட்டரி தீர்ந்தது தெரியாது. சுவரிலேயே கரண்ட் போன அன்றுதான் குட்டு வெளிப்படும். பயாஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலைக் கணக்குக்குப் போய்விடும்.

அப்படி மறந்ததில் முக்கியமானது டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்பது. விண்டோஸ் நிறுவியபோது ரெய்டு முறையில் இருந்து இப்போது ஏஹெச்சிஐ ஆகியிருந்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸ் கிளம்பாது. பேட்டரியை மாற்றுங்கள், சில வெள்ளிதான். பிறகு பயாஸில் சாட்டா மோடை (SATA Mode, டிஸ்க்கைப் படிக்கும் முறை) பழைய முறைக்கு மாற்றுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் கிளம்பும் முறை யூஇஎஃப்ஐயா (UEFI) லெகசியா (Legacy) என்பதையும் பாருங்கள்.

அதன் பிறகு நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால் பதற வேண்டாம். பயாஸ் மாறியதால் சந்தேகப்பட்டுக் கேட்கிறது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

கேள்வி (ஜூரோங்கின் அதே மாணவர்): பழையது எதற்கு, புது பவர் சப்ளையே வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பழைய சப்ளையின் கம்பிகளைப் புதியதில் செருகாதீர்கள். முனை ஒன்றுபோல இருக்கும், உள்ளே 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும். ஒரே நொடியில் எல்லா டிஸ்க்கும் போய்விடும்.

கேள்வி (பிடோக், ஓய்வுபெற்ற ஆசிரியை): தம்பி, மகள் கல்யாண டிவிடி பார்க்க வேண்டும். டிவிடி டிரைவ் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை. பட்டனை அழுத்தினால் தட்டு மட்டும் வெளியே வருகிறது.

பதில்: வணக்கம் டீச்சர். தட்டு வருகிறது என்றால் டிரைவுக்குக் கரண்ட் போகிறது. கோளாறு விண்டோஸில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் டிவிடி டிரைவின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் வேண்டாம். இப்போதைய விண்டோஸ் ஷட்டவுன் செய்தால் பாதி தூக்கம்தான் போடும், ரீஸ்டார்ட்தான் முழுதாக விழிக்கும்.

முக்கோணம் திரும்பி வந்து, உள்ளே 19, 39, 41 என்ற எண்களில் ஒன்று இருந்தால் பேரனைக் கூப்பிடுங்கள். இது அவனுக்கு: விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கிப் போ. (அந்தக் கரண்ட் நம் வீட்டுக் கரண்ட் இல்லை, டீச்சர்.) அங்கே 4டி36இ965 (4D36E965) என்று தொடங்கும் கிளையில் அப்பர்ஃபில்டர்ஸ் (UpperFilters), லோயர்ஃபில்டர்ஸ் (LowerFilters) என்று இருந்தால், கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அவை இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய். டிவிடி எழுதும் மென்பொருள்கள் விட்டுப்போன மிச்சம் அது. எண்ணை இரண்டு தடவை சரிபார். கிட்டத்தில் 965க்குப் பதில் 967 என்று இருக்கும் கிளை ஹார்ட்டிஸ்க்குகளுடையது. அங்கே உள்ள அப்பர்ஃபில்டர்ஸை அழித்தால் விண்டோஸே கிளம்பாது.

டிவிடி பார்த்ததும் அதை ஹார்ட்டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): எஸ்எஸ்டி பயாஸிலும் தெரியவில்லை. சுற்றும் பாகமே இல்லாத பொருள், கரண்ட் போனால் அதற்கு என்ன?

பதில்: எந்தத் தகவல் எந்தச் சிப்பில் என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி ஓயாமல் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் தன் வீட்டுக்கே வழி தெரியாமல் நின்றுவிடும். பெரிய கம்பெனிகளுக்கும் நடந்ததுதான். 2011ல் இன்டெல்லின் 320 வரிசை எஸ்எஸ்டிகளில் சில, கரண்ட் போய் வந்ததும் தம் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட் என்று காட்டின. எஸ்எஸ்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபெர்ம்வேரைத் திருத்தி வெளியிட்டார்கள்.

டேட்டாவுக்கும் பவருக்கும் தனித்தனிக் கம்பி உள்ள சாட்டா எஸ்எஸ்டி என்றால் இதைச் செய்து பாருங்கள்: டேட்டா கம்பியைக் கழற்றுங்கள், பவர் கம்பி மட்டும் இருக்கட்டும். கம்ப்யூட்டரைப் போட்டு 20 நிமிடம் அப்படியே விடுங்கள். அணைத்து 30 வினாடி பவரையும் பிடுங்குங்கள். மறுபடி 20 நிமிடம். பிறகு டேட்டா கம்பியைச் செருகுங்கள். யாரும் தொந்தரவு செய்யாத அந்த நேரத்தில் அது தன் வரைபடத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். எல்லா எஸ்எஸ்டியும் எழுந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு செலவில்லாத வைத்தியம்.

கேள்வி (ஊபியில் சின்ன கணக்கர் அலுவலகம்): இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (NAS) பெட்டி, நெட்வொர்க் வழியாக எல்லாரும் கோப்பு வைப்பது. கரண்ட் வந்த பிறகு ஒரு டிஸ்க் இருக்கிறது, ஒன்று இல்லை. மறுபடி அணைத்துப் போட்டால் மற்றது இல்லை.

பதில்: மாறி மாறிக் காணாமல் போகிறது என்றால் என் சந்தேகம் டிஸ்க்குகள் மேல் இல்லை, அடாப்டர் மேல்தான். 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும் சில வினாடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 4. நலிந்த அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாது. திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், சார். ஒவ்வொரு தடவையும் ஒரு டிஸ்க்கில் புதுக் கணக்கு, மற்றதில் பழைய கணக்கு என்று பிரிந்துகொண்டே போகும். அடாப்டரை மாற்றுங்கள். டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகாதீர்கள். ஒத்திசைவு (இரண்டு டிஸ்க்கையும் மறுபடி ஒன்றுபோல ஆக்கும் வேலை) ஓடத் தொடங்கினால் பல மணி நேரம் ஆகும், விட்டுவிடுங்கள்.

கேள்வி (பொங்கோல்): டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த மறுநிமிடம் வியர்த்து ஊற்றும். மீன் மட்டும் வையுங்கள்.

கேள்வி (அங் மோ கியோ): உறையை உடைத்து டிஸ்க்கை எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் போட்டேன். "இனிஷியலைஸ் செய்" என்கிறது. முழுக்கக் காலியா?

பதில்: காலி இல்லை. சில வெளி டிஸ்க்குகளின் உறைக்குள் இருக்கும் பலகை, நீங்கள் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் எல்லாவற்றையும் பூட்டியே எழுதும். அந்தப் பலகை இல்லாமல் படித்தால் குப்பையாகத்தான் தெரியும். உறையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

கேள்வி (உட்லண்ட்ஸ்): கம்ப்யூட்டரைப் போட்டாலே வீடு முழுக்க டிரிப் ஆகிறது.

பதில்: அது டிரைவ் விஷயம் இல்லை. கம்ப்யூட்டரை வேறு சுவரில் செருகியும் டிரிப் ஆனால் பவர் சப்ளையில் கசிவு. உங்கள் வீட்டு சுவிட்சுப் பெட்டியில் (டிபி) கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் ஆர்சிசிபி (RCCB) 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும், அது உங்கள் உயிருக்காக. அதை வலுக்கட்டாயமாகப் பிடித்து மேலே தூக்கி நிறுத்தாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாமலும் டிரிப் ஆனால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (ஈசூன்): சிங்கப்பூரில் கரண்ட் போவதே அபூர்வம். யூபிஎஸ் வாங்குவது வீண்தானே?

பதில்: அபூர்வம்தான். கம்பிகள் நிலத்தடியில் போவதால் இத்தனை இடி மின்னலுக்கும் நாம் தப்பிக்கிறோம். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் 1 லட்சத்து 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கரண்ட் போனபோதுகூட 38 நிமிடத்தில் திரும்பியது. ஆனால் எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அபூர்வம் என்பதுதான் வம்பு. வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க்குக்கு ஓடுவது பழகிப்போயிருக்கும். ஒரு தடவை நின்று ஆறிய பிறகு மறுபடி கிளம்பத்தான் முடியாது.

லேப்டாப் மட்டும் இருந்தால் யூபிஎஸ் வேண்டாம், பேட்டரியே போதும். நாஸோ டெஸ்க்டாப்போ இருந்தால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். அதன் யூஎஸ்பி கம்பியை நாஸில் செருகுவதுதான் முக்கியம். அப்போதுதான் ஆள் இல்லாத நேரத்திலும் நாஸ் தானே ஒழுங்காக அணையும். பலர் அந்தக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எல்லாருக்கும் சொல்கிறீர்களே அங்கிள், உங்கள் வீட்டு டிஸ்க் என்ன ஆச்சு?

பதில்: கேட்டுவிட்டீர்களா! ஒன்று போச்சு. எட்டு வருஷமாக அலமாரி மேல் முனகிக்கொண்டே ஓடியது, இப்போது டக் டக் என்று இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அந்தச் சத்தம் வந்தால் நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதிலிருந்ததன் நகல் மகள் வீட்டில், பொங்கோலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது எடுத்துவரணும். ஃப்ரீசர் கேள்வி கேட்டவர் பக்கத்து புளோக்தான்.