வேப்பிலைச் சாறும் கரையாத பல்கூழும்

பிடுங்கிய பற்களின் வேர்க்கால்வாயை (பல்வேருக்குள் ஓடும் குழாயை) வேப்பிலைச் சாற்றால் மட்டும் கழுவியபின்னும் பல்கூழின் (பல்லினுள் இருக்கும் மென்திசுவின்) துணுக்குகள் எஞ்சுவதாகவும், கழுவும் ஊசியின் நீளம்தான் காரணமோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊசி நீளத்தைவிடச் சாற்றின் இயல்பே பெரும்பாலும் காரணம்: அது கிருமிகளை அடக்கினாலும், வேர்க்கால்வாயைக் கழுவ வழக்கமாகப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் போலத் திசுவைக் கரைப்பதில்லை.

ஒரே அளவுள்ள இரு பல்கூழ்த் துண்டுகளில் ஒன்றைச் சாற்றிலும் மற்றொன்றை 3 சதவீத ஹைப்போகுளோரைட்டிலும் இட்டுப் பாருங்கள். இரண்டாவது நுரைத்துச் சுருங்கும்.

திரிபலாவும் பச்சைத் தேயிலையும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியாவின் படலத்தை ஆய்வகச் சோதனைகளில் குறைத்துள்ளன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வடிக்கும் ஒவ்வொரு முறையும் செறிவு மாறும் சாற்றை, நோயாளியின் பல்லில் ஹைப்போகுளோரைட்டுக்கு மாற்றாக்க வேண்டாம். கருவி உராய்வால் சுவரில் படியும் பூச்சின் கனிமப் பகுதியை நீக்க, எதைத் தேர்ந்தாலும், கனிமத்தைப் பிணைத்து நீக்கும் 17 சதவீத ஈடிடிஏ கரைசல் தேவைப்படும்.